பகல் இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையே

சந்தேகம் என்னுடன் கூடப் பிறந்தது. பால்காரன் அளக்கும்போது மற்றவர்கள் பாத்திரத்தைப் பார்ப்பார்கள். நான் அவன் கட்டைவிரல் அளவைக்குள் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்ப்பேன். ஊரிலிருந்து வந்த உறவுக்காரர்களை தாதரில் ரயிலேற்றிவிட்டுத் திரும்பியதும் கொடியில் துண்டுகளை எண்ணுவேன். அப்பா என்னை சி.ஐ.டி. என்றுதான் கூப்பிடுவார். ஒருநாள்கூடத் துண்டு குறைந்ததில்லையே என்று கேலி செய்வார். எண்ணுகிறேன் என்று தெரிந்ததால்தான் குறையவில்லை என்பேன்.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் யார் யாரைச் சந்தேகப்பட்டேன் என்று வரும்போது, இவள் நல்லவள்தான், காலம் அப்படி என்று யாரும் எனக்காக வக்காலத்து வாங்க வேண்டாம்.

யுத்தம் தொடங்கிய மறு வருஷம் அப்பா பம்பாயை ஒட்டிய செம்பூரில் ஒரு மனை வாங்கினார். அப்போது செம்பூர் என்றால் வயலும் பனைமரமும் சேறும்தான். மாதுங்காவில் ஏறி குர்லாவில் வண்டி மாறிப் போகவேண்டும். ரயில்வே குமாஸ்தாவுக்குச் செம்பூரில் என்ன வேலை என்று எங்கள் மாதுங்காக் கட்டிடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். அம்மா தன் கைவளை நான்கையும் கழற்றிக் கொடுத்தாள். அதற்கப்புறம் அவள் கையில் கண்ணாடி வளையல்தான். பென்ஷன் வாங்கியதும் அங்கே இரண்டு அறை கட்டுவது என்று இருவருக்கும் பேச்சு. ஞாயிற்றுக்கிழமைகளில் போய், வெறும் மண்ணில் குச்சி நட்டு, இது சமையலறை, இது பூஜைக்கு என்று கோடு போட்டுவிட்டு வருவார்கள். மழை வந்து அழித்துவிடும். அடுத்த வருஷம் மறுபடி கோடு.

நாற்பத்தைந்தில் அப்பா போய்விட்டார். நான் டைப்ரைட்டிங் தேறியிருந்ததால் கோட்டைப் பகுதியில் ஒரு சொலிசிட்டர் ஆபீஸில் வேலை கிடைத்தது. தம்பிக்கு அம்பர்நாத்தில் தொழிற்சாலை வேலை. ஞாயிறு தவறாமல் வருவான். மனை மட்டும் அப்படியே கிடந்தது. வருஷத்துக்கு இரண்டு தடவை அம்மாவும் நானும் போய்ப் பார்த்துவிட்டு வருவோம். அம்மா கோடு போடமாட்டாள். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, போலாம் என்பாள்.

நாற்பத்தெட்டில் மழை ஓய்ந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனால், மனையைச் சுற்றி முள்கம்பி. உள்ளே ஒரு தகரக் கொட்டகை. வாசலில் ஒரு பெண் பழைய புடவையை விரித்து அப்பளம் உலர்த்திக்கொண்டிருந்தாள். அப்பா சமையலறை என்று கோடு போட்ட இடம் அது.

அவள் புருஷன் வெளியே வந்தார். சிந்துவிலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர்கள். நான் பாய்ந்த வேகத்துக்கு அவர் பதிலுக்குப் பாய்ந்திருந்தால் எனக்கு சௌகரியமாக இருந்திருக்கும். அவரோ உள்ளே போய் ஒரு தகரப் பெட்டியைத் திறந்து பத்திரத்தை எடுத்துவந்து என் கையிலேயே கொடுத்துவிட்டார். திருட்டுப் பத்திரம் வைத்திருப்பவன் இப்படித் தாராளமாகக் காட்டுவானா என்று நினைத்தேன். உடனே, தாராளமாகக் காட்டுவதே ஒரு தந்திரம்தான் என்றும் நினைத்தேன். ஒரு தரகர் தனக்கு விற்றதாகச் சொன்னார். தரகருக்கு விற்றது யார் என்று பார்த்தேன். அப்பா பெயர் இருந்தது.

அம்மா அந்தப் பெண் கொடுத்த தண்ணீரை வாங்கிக் குடித்தாள். எனக்கு அதுவே பிடிக்கவில்லை.

ரிஜிஸ்ட்ரார் ஆபீஸிலிருந்து அப்பா விற்றதாகச் சொல்லும் பத்திரத்தின் போட்டோ நகலை வாங்க நாலு நாள் ஆயிற்று. எங்கள் ஆபீஸ் முதலாளியான பார்ஸிக் கிழவர் தன் செல்வாக்கில் அசலையே வரவழைத்துப் பார்க்க வழி செய்தார். நான் நாள் முழுவதும் அடிக்கிற பத்திரங்கள்தான். எந்த வரி எங்கே வரும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அன்றைக்கு அந்த வரிகள் என்னைப் பிடித்து உலுக்கின. நாற்பத்துநாலில் துறைமுகத்தில் கப்பல் வெடித்ததே, அதற்கு ஒன்றிரண்டு மாதம் முன்பு ஒரு திங்கட்கிழமை. பகல் இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையே, எழுதிக் கொடுத்தவர் நேரில் ஆஜராகி, ஆமாம் நான்தான் எழுதிக் கொடுத்தேன் என்று ஒப்புக்கொண்டார். அதன் கீழே அப்பாவின் கையெழுத்து. பக்கத்தில் ஒரு பெருவிரல் ரேகை. அதோடு ஒத்துப்பார்க்க வேண்டிய விரல் சாம்பலாகி மூன்று வருஷம் ஆகியிருந்தது.

அதற்கும் கீழே இன்னொரு வரி. வந்திருப்பவர் இன்னார்தான், இவரை எனக்கு நேரில் தெரியும் என்று அடையாளம் சொல்ல ஒருவர் வேண்டும். அடையாளம் சொல்லிக் கையெழுத்துப் போட்டிருந்தவர் எங்கள் முதல் மாடி மாமா.

நாங்கள் இரண்டாம் மாடி. அவர் எங்களுக்கு நேர் கீழே. எங்களைப் போலவே பாலக்காட்டுப் பக்கம். ஒரு வக்கீல் ஆபீஸில் பெரிய குமாஸ்தா. அதனால் கட்டிடத்தில் யாருக்கு நோட்டீஸ் வந்தாலும் முதலில் படிப்பவர் அவர்தான். அப்பாவுக்கு அவர் சிநேகிதர். ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பம்பாயே காலியானபோது எங்களையெல்லாம் அப்பா ஊருக்கு அனுப்பிவிட்டார். அப்போது கட்டிடத்தில் பாதிப் பேர் தங்கள் பத்திரங்களை இந்த மாமாவிடம்தான் கொடுத்தார்கள். அவருடைய ஆபீஸில் நெருப்புப் பிடிக்காத இரும்புப் பெட்டி இருந்தது. எங்கள் செம்பூர்ப் பத்திரமும் ஒன்றரை வருஷம் அதற்குள் இருந்தது.

வேலியே பயிரை மேய்ந்துவிட்டது என்று எனக்கு அங்கேயே தீர்மானமாகிவிட்டது. அன்று சாயங்காலம் வீடு திரும்பும்போது அவர் வீட்டுக் கதவு பாதி திறந்திருந்தது. என் செருப்புச் சத்தம் கேட்டதும் சாத்திக்கொண்டது. அடுத்த வாரத்தில் நான்கு நாள் அவர் முன்படியில் வராமல், தோட்டி வருகிற பின்படி வழியாக இறங்கிப் போனதையும் பார்த்தேன். மடியில் கனம் இருக்கிறவனுக்குத்தானே வழியில் பயம்.

ஆனால் இதைவிட மோசமான இன்னொன்று என் தலைக்குள் நடந்தது. அதைச் சொல்லத்தான் இத்தனை வருஷம் தயங்கினேன்.

கையெழுத்து அப்பாவினுடையதாகவே இருந்தது. என் மெட்ரிக்குலேஷன் சர்ட்டிபிகேட் வாங்கும்போது அப்பா போட்டுக் கொடுத்த காகிதம் ஒன்று பெட்டியில் இருந்தது. அதை எடுத்து ஜன்னலோரம் உட்கார்ந்து நகலோடு வைத்துப் பார்த்தேன். முதலெழுத்தின் வளைவு, கடைசி எழுத்திலிருந்து பின்னால் இழுத்துவிடும் கோடு, அதன் கீழே இரண்டு புள்ளி. எல்லாம் இருந்தது. பார்ஸிக் கிழவரும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். உன் தகப்பனார் வீட்டில் சொல்லாமல் விற்றிருக்கலாம், இந்த ஆபீஸில் நான் அதை எத்தனையோ பார்த்திருக்கிறேன் என்றார்.

பொய்க்கையெழுத்து என்று நான் நினைத்திருக்க வேண்டும். மகள் என்றால் அப்படித்தான் நினைக்க வேண்டும். நான் நினைத்தது வேறு. கடைசி வருஷம் அப்பா ஞாயிறு சாயங்காலங்களில் எங்கே போனார்? ஊரில் இருந்த அத்தை வீட்டுக் கூரை திடீரென்று ஓடு ஆனது எப்படி? அப்பா ஒருநாள் அம்மாவின் கண்ணாடி வளையல்களைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாரே, அது ஏன்? துண்டு எண்ணுகிற புத்தி செத்துப்போன அப்பாவையும் விடவில்லை. மூன்று வாரம், ஒவ்வொரு நாளும் ஆபீஸுக்குப் போகும் வண்டியில், அம்மாவுக்குத் தெரியாமல் அப்பா மனையை விற்றுவிட்டார் என்றே நம்பினேன். மாமா அதற்கு உடந்தை. இரண்டு பேரும் சேர்ந்து அம்மாவை ஏமாற்றினார்கள். யாரிடமும் இதைச் சொல்லவில்லை. தம்பியிடம்கூட.

அம்மாவிடம் பத்திரத்தைப் பற்றி மட்டும் சொன்னேன். அவள் ஒரே ஒரு தடவைதான் பேசினாள்.

"மண்ணு போனாப் போறது. எங்கிட்டச் சொல்லாம அவர் வித்தார்னு காயிதத்துல நிக்கறதே, அது நிக்கப்படாது."

அப்புறம், அது என்ன தேதி என்று கேட்டாள். சொன்னேன். இங்கிலீஷ் தேதி அவளுக்கு எதற்கும் உதவாது. பிறந்தநாள், கல்யாணநாள், செத்த நாள் எதுவானாலும் அவளுக்குத் திதிதான். என்ன திதி என்றாள். எனக்கு எப்படித் தெரியும் என்று எரிந்து விழுந்தேன். அவள் பரணில் இருந்த மரப்பெட்டியை இறக்கச் சொன்னாள். அதில் பழைய பஞ்சாங்கங்கள் அடுக்கியிருந்தன. எங்கள் வீட்டில் பஞ்சாங்கத்தைத் தூக்கி எறிவதில்லை. வருஷா வருஷம் நடந்த சிராத்தங்களை அப்பா அதன் ஓரத்தில் பென்சிலால் குறித்துவைப்பார். யார் வந்து உட்கார்ந்தார்கள், வாத்தியார் யார் என்று. அம்மா சரியான வருஷத்தை எடுத்து, மாசி மாதப் பக்கத்தைப் பிரித்து, விரலை வைத்து வரி வரியாக நகர்த்தினாள். ஒரு இடத்தில் விரல் நின்றது.

அன்றைக்குத் தாத்தாவின் சிராத்தம். அப்பாவின் அப்பாவுக்கு.

அப்பாவின் பென்சில் எழுத்து அப்படியே இருந்தது. "இரண்டாமவர் வரவில்லை. பித்ரு ஸ்தானத்தில் முதல் மாடிக்காரர் உட்கார்ந்தார். உபகாரம் மறக்கக் கூடாது."

எனக்கும் அந்த நாள் ஞாபகம் வந்தது. சிராத்தத்துக்கு வாத்தியாரைத் தவிர இரண்டு பேர் வேண்டும். ஒருவர் தேவர்கள் இடத்தில், ஒருவர் பித்ருக்கள் இடத்தில். பம்பாயில் அப்படி உட்கார ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு. கிடைத்த இரண்டு மூன்று பேர் ஒரே நாளில் மாதுங்காவையும் தாதரையும் சுற்றிக்கொண்டிருப்பார்கள். அன்று ஒருவர் வரவேயில்லை. மணி பன்னிரண்டரை. அப்பா ஈர வேஷ்டியோடு கீழே ஓடினார். மாமா அன்று சாப்பிடாமலே, நேரங்கழித்து ஆபீஸ் வேலையாகப் புறப்பட்டு வாசலில் கோட்டும் தொப்பியுமாக நின்றிருந்தாராம்.

உத்தியோகத்தில் இருக்கிறவர்கள் யாரும் இன்னொருவர் வீட்டில் பிராமணார்த்தம் உட்கார ஒப்பமாட்டார்கள். கௌரவக் குறைச்சல். தட்சிணை வாங்கவேண்டும், வாங்காவிட்டால் சிராத்தம் பூர்த்தியாகாது. மாமா கோட்டைக் கழற்றிக் குளித்துவிட்டு மேலே வந்துவிட்டார். அப்பா அவர் காலைக் கழுவினார். பிற்பகல் ஆரம்பித்து சாப்பாடு முடியும்போது மணி மூன்றைத் தாண்டிவிட்டது. இதை வெளியில் சொல்லவேண்டாம் என்று மாமா கேட்டுக்கொண்டார். அப்பா எங்களிடம் வாயைத் திறக்கக் கூடாது என்றார். நாங்களும் திறக்கவில்லை, பிறகு மறந்தே போனோம்.

ஆக, பகல் இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையே அப்பா எங்கள் கூடத்தில் எள்ளும் தண்ணீரும் விட்டுக்கொண்டிருந்தார். ரிஜிஸ்ட்ரார் முன்னால் நின்றவர் அப்பா இல்லை. அவரை அடையாளம் காட்டிய மாமாவும் அங்கே இல்லை. அவர் எங்கள் வீட்டில் மணையில் உட்கார்ந்து எள்ளுருண்டை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அப்பா விற்கவில்லை. இது தெரிந்ததும் எனக்கு சந்தோஷம்தான் வந்திருக்க வேண்டும். வந்தது அவமானம். பரணுக்குக் கீழே தூசியில் உட்கார்ந்து அழுதேன். தும்முகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன்.

மறுநாள் பஞ்சாங்கத்தைத் தூக்கிக்கொண்டு முதலாளியிடம் ஓடினேன். அவர் சிரிக்கவில்லை, நல்ல மனுஷர். ஆனால் செத்தவர் பென்சிலால் ஓரத்தில் எழுதியதை எதிர்க்கட்சி ஒரு ஊதில் ஊதிவிடும் என்றார். அந்த முதல் மாடிக்காரர் கூண்டில் ஏறி, நான் அங்கே இல்லை, இங்கே இருந்தேன் என்று தன் வாயால் சொல்லவேண்டும். சொன்னால் அவர் உத்தியோகம் அன்றோடு சரி. சொல்வாரா என்று கேட்டார்.

சொல்லமாட்டார் என்றேன். உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்தவர், தன் கழுத்தில் தானே கயிறு மாட்டிக்கொள்வாரா? சம்மன் அனுப்பி இழுக்கவேண்டும், போலீஸுக்கு எழுதவேண்டும் என்று ராத்திரியெல்லாம் திட்டம் போட்டேன். அம்மா மட்டும், இரு, அவசரப்படாதே என்றாள். உபகாரம் மறக்கக் கூடாதுன்னு உங்கப்பா எழுதியிருக்காரே என்றாள். அப்பா எழுதிய அன்றைக்கு, அந்த உபகாரி மறுபக்கம் என்ன செய்தார் என்று அப்பாவுக்குத் தெரியாதே என்றேன்.

ஐப்பசியில் அப்பாவின் சிராத்தம் வந்தது. தம்பி முந்தின நாளே வந்துவிட்டான். காலையில் வாத்தியார் வந்து, ஒருவர்தான் கிடைத்தார், இன்னொருவருக்கு ஜுரம் என்றார். அம்மா அடுப்படியிலிருந்து நிதானமாகச் சொன்னாள், முதல் மாடி மாமாவைக் கூப்பிடு என்று.

நான் கத்தினேன். சிராத்த நாளும் அதுவுமாகக் கத்தக் கூடாதென்று தெரிந்தும் கத்தினேன். அப்பாவின் இடத்தில் இந்த மனுஷரா? அப்பாவின் கையெழுத்தைப் பொய்யாக்கினவர் காலைத் தம்பி கழுவவேண்டுமா? அம்மா வாழைக்காயை நறுக்குவதை நிறுத்தவில்லை. வேற யாருடீ இருக்கா, இருந்தா அழைச்சுண்டு வா என்றாள்.

அந்த இன்னொருவருக்கு நிஜமாகவே ஜுரமா, அல்லது அம்மா வாத்தியாரிடம் முன்கூட்டியே ஏதாவது சொல்லிவைத்தாளா? இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்டால் சிரிப்பாள். அதனால் சந்தேகம் அதிகம்தான் ஆயிற்று.

தம்பி போய்க் கூப்பிட்டான். மாமா வருவார் என்று நான் நினைக்கவில்லை. வந்தார். இரண்டு மாதத்தில் ஆள் பாதியாகியிருந்தார். தம்பி காலைக் கழுவும்போது கண்ணை மூடிக்கொண்டார். மணையில் உட்கார்ந்தார். மந்திரம் நடந்தது. இலையில் பரிமாறினார்கள். சாப்பிடும்போது பேசக் கூடாது. அவர் ஒவ்வொரு கவளமாக, மருந்து சாப்பிடுகிறவரைப் போல, எல்லாவற்றையும் சாப்பிட்டார். நான் அடுப்படி வாசலில் நின்று அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாப்பாடு முடிந்ததும் சிராத்தம் செய்கிற கர்த்தா, திருப்திதானா என்று சமஸ்கிருதத்தில் கேட்கவேண்டும். உட்கார்ந்தவர், திருப்தி என்று பதில் சொல்லவேண்டும். அந்த இடத்தில் அவர் சொன்னால் அப்பாவே சொன்ன மாதிரி. வாத்தியார் எடுத்துக்கொடுக்க, தம்பி கேட்டான்.

தேவர்கள் இடத்தில் இருந்தவர் உடனே சொல்லிவிட்டார். மாமா சொல்லவில்லை.

காதில் விழவில்லை போலிருக்கிறது என்று வாத்தியார் தம்பியை மறுபடி கேட்கச் சொன்னார். கேட்டான். மாமாவின் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. வாத்தியாருக்கு அடுத்த வீட்டுக்குப் போகவேண்டிய அவசரம். மாமா, அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிடுங்கோ, மத்ததெல்லாம் அப்புறம் பேசிக்கலாம் என்று மெதுவாகச் சொன்னார்.

அம்மா என் பின்னாலிருந்து முன்னால் வந்தாள்.

"அவருக்கு எப்ப வரதோ அப்பச் சொல்லட்டும். நாங்க காத்துண்டிருக்கோம்."

கீழே தெருவில் ட்ராம் மணி இரண்டு தடவை கேட்டது. மாமா இலையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அன்னிக்கு இதே எடத்துலதான் இருந்தேன். ஓர்மை இருக்கு. ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ்ல வரவாளை அடையாளம் சொல்றது என் வேலை. அங்க போறேன்னு ஆபீஸ்ல சொல்லியிருந்தேன், போகலை. மறுநாள் கார்த்தால போய், நேக்குன்னு விட்டுவெச்சிருந்த முதல் நாள் காயிதத்துலயெல்லாம் வரிசையாக் கையெழுத்துப் போட்டேன். பதினோரு காயிதம். ஒண்ணக்கூடப் படிக்கலை. உங்கப்பா பேரு அதுல இருந்தது, நீங்க அசலை வரவழைச்சுப் பார்த்தேள்னு அங்க சொன்னப்பதான் நேக்குத் தெரியும். எங்க வந்து சொல்லணுமோ சொல்றேன்."

பிறகு தம்பியைப் பார்த்து, மறுபடி கேளு என்றார். தம்பி கேட்டான். அவர், திருப்தி என்றார்.

பின்னால் யோசித்தபோதுதான் எனக்கு அதன் முழு வடிவம் புரிந்தது. இரும்புப் பெட்டியில் அப்பாவின் பத்திரம் இருந்த ஒன்றரை வருஷத்தில், அந்த ஆபீஸுக்கு வந்துபோன தரகன் அப்பாவின் கையெழுத்தைப் பார்த்துப் பழகியிருக்கிறான். யாரோ ஒருவனைக் கோட்டு மாட்டிக் கூட்டிப்போய் அப்பா என்று நிறுத்தியிருக்கிறான். அன்றைக்கு மாமா வழக்கம்போல அங்கே போயிருந்தால் ஆள்மாறாட்டம் முதல் பார்வையிலேயே உடைந்திருக்கும். பதினைந்து வருஷமாகப் பார்க்கிற முகமல்லவா. அவர் போகவில்லை. ஏன் போகவில்லை? அப்பா ஈர வேஷ்டியோடு ஓடிவந்து கெஞ்சியதால். அப்பாவுக்குச் செய்த உபகாரத்தால் அப்பாவின் மண் போயிற்று.

அவர் படிக்காமல்தான் போட்டாரா? நண்பன் பெயர் கண்ணில் படாமலா இருக்கும்? அப்பாவின் பெயர் மாதுங்காவில் கட்டிடத்துக்கு மூன்று பேருக்கு உண்டு என்பது நிஜம். அம்மா முழுதும் நம்பினாள். நான் முக்கால்வாசி நம்பினேன். மீதிக் கால்வாசி இன்னும் இருக்கிறது.

வழக்கு அடுத்த வருஷம் வந்தது. தரகன் தலைமறைவு. சிந்திக்காரரின் வக்கீல் மாமாவைக் கூண்டில் வைத்துப் புரட்டி எடுத்தார். கௌரவமான உத்தியோகஸ்தர், மாடி வீட்டில் போய் தட்சிணைக்கு உட்கார்ந்து சாப்பிட்டீர்களா என்று கேட்டபோது பின்னால் பெஞ்சிகளில் சிரித்தார்கள். மாமா, சிநேகிதத்துக்கு உட்கார்ந்தேன், தட்சிணையும் வாங்கிக்கொண்டேன் என்றார். தன் முதலாளியின் பெயரைக் கெடுத்தது, படிக்காமல் அடையாளம் சொன்னது எல்லாவற்றையும் கேட்காமலே சொன்னார். அப்பாவின் பஞ்சாங்கத்தை ஜட்ஜ் வாங்கி, தனக்குத் தெரியாத எழுத்தை வெகுநேரம் பார்த்தார். பத்திரம் செல்லாது என்று ஆயிற்று. அப்பா விற்கவில்லை என்று காகிதத்தில் நின்றது. அம்மா கேட்டது அதுதான்.

மாமாவை ஜெயிலுக்கு அனுப்பவில்லை, வேலையிலிருந்து அனுப்பினார்கள். தாராவியில் ஒரு திருநெல்வேலி அண்ணாச்சியின் தோல் மண்டியில் ரயில் ரசீது எழுதும் வேலை கிடைத்தது. தினமும் நடந்தே போய்வந்தார். வீட்டுக்கு வந்ததும் குளிக்காமல் யாரையும் தொடமாட்டார். முன்படியில்தான் வருவார்.

மண் திரும்பியது. அதில் குடியிருந்தவர்கள்? சிந்திக்காரர் தரகனிடம் கொடுத்தது கொடுத்ததுதான். தீர்ப்புக்கு மறுநாள் அவர் தானாகவே கூரைத் தகரத்தைக் கழற்றிக்கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டு அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு செம்பூருக்குப் போனாள். எனக்கு அங்கேயும் சந்தேகம்தான்; நம்மைப் பார்த்ததும் கழற்றுகிறாரோ என்று. அம்மா அந்தப் பெண்ணோடு அரை மணி பேசினாள். ஒருத்திக்கு ஹிந்தி வராது, ஒருத்திக்குத் தமிழ் வராது. திரும்பி வரும்போது வண்டியில் சொன்னாள்: அப்பா வாங்கின விலைக்கே அவர்களுக்குக் கொடுத்துவிடலாம், கொஞ்சம் கொஞ்சமாகத் தரட்டும். நான் வாயைத் திறந்தேன். நமக்கு வேண்டியது கிடைச்சாச்சு என்று அவள் முடித்துவிட்டாள்.

இதற்கும் ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ் போகவேண்டும். அதே ஆபீஸ், அதே ஜன்னல். விற்பது இந்த அம்மாள்தான் என்று அடையாளம் சொல்ல ஆள் வேண்டும். என் ஆபீஸ் குமாஸ்தாவை அழைத்துவருகிறேன் என்றேன். அம்மா கேட்கவில்லை, என்னை அந்த மாமாவைவிட யாருக்குத் தெரியும் என்றாள். அவரோ முதலில் மாட்டேன் என்று கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு மண்டியில் அரை நாள் லீவு கேட்டுக்கொண்டு வந்தார்.

அவர் உள்ளே நுழைந்ததும் ஆபீஸில் பேச்சு அடங்கிற்று. அங்கே அவரைத் தெரியாதவர் யாருமில்லை, தெரிந்ததுதான் சங்கடம். அதிகாரி அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, இந்த அம்மாளைத் தெரியுமா என்று சடங்காகக் கேட்டார்.

மாமா பதில் சொல்லாமல் காகிதத்தை வாங்கினார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தார். எல்லைகள், சர்வே நம்பர், எங்கள் பெயர், அவர்கள் பெயர் எல்லாவற்றையும் விரல் வைத்துப் படித்தார். வரிசையில் பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். பியூன் சீக்கிரம் என்றான். அவர் திருப்பிப் பின்பக்கத்தையும் படித்தார். அப்புறம் தலைநிமிர்ந்து அம்மாவின் முகத்தைப் பார்த்தார். அத்தனை வருஷம் மேலும் கீழுமாகக் குடியிருந்தும், அவர் அவள் முகத்தை நேராகப் பார்த்து நான் பார்த்ததில்லை. தெரியும் என்றார். கையெழுத்துப் போட்டார்.

ஜன்னலில் கொடுக்கச் சொல்லி காகிதத்தை மடித்து என் கையில் தந்தார். பழக்க தோஷம், என் விரல் தானாக அதைப் பிரிக்கப் போயிற்று. அம்மா என் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். யாருக்கும் கேட்காத குரலில் சொன்னாள்.

"படி, படி. அப்பாவையே சந்தேகப்பட்டவளாச்சே நீ."

அந்த மூன்று வாரத்தைப் பற்றி நான் அவளிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவளும் அதற்கு முன்னாலோ பின்னாலோ கேட்டதில்லை. அவள் முகத்தில் கோபம் இருக்கிறதா என்று பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. காகிதத்தை மடித்தபடியே ஜன்னலுக்குள் நீட்டினேன்.